மேடை ஏறிய நரி

மே 12, 1968, ஞாயிறு

நாடகத்தை எழுதியவள் நான். மூன்று மாதம் எழுதினேன். மீஞ்சூர் முழுக்க ஒட்டிய நோட்டீசில் ‘கதை, வசனம்’ என்ற இடத்தில் மாமா மகன் சேகர் தன் பெயரைப் போட்டுக்கொண்டான். “பொம்பள பேரு போட்டா எவன் வருவான்?” என்றான். ராஜா வேஷமும் அவனுக்கே. திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை.

இன்று இரண்டாவது காட்சியில், நாய்களுக்குப் பயந்து சவுக்குத் தோப்பிலிருந்து ஓடிவந்த நரி ஒன்று மண்மேடையில் ஏறி அவன் எதிரே நின்றுவிட்டது. அவனுக்கு வசனம் மறந்துபோயிற்று.

“ராஜாவே, கத்திய எடுப்பா! நரி காத்துகினு கீது!” என்று கூட்டத்தில் ஒருவர் கத்தினார். ஒரே சிரிப்பு.

அவன் பின்வாங்கியபடியே திரையோரம் வந்தான். “அடுத்து இன்னா? சீக்கிரம் சொல்லுடி.”

நோட்டு என் கையில் திறந்தே இருந்தது. மூடினேன்.

“நோட்டீசுல உங்க பேருதான மாமா கீது? நீங்களே சொல்லுங்க.”

ராஜா கிரீடத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி ஓடினான்.

வீட்டில் யாரும் என்னோடு பேசவில்லை. பேசாமலே இருக்கட்டும். அவன் முகத்தை நினைக்க நினைக்க இனிக்கிறது. அந்த நரியைக் கல்லால் அடித்தார்களே, அதுதான் தூங்கவிடவில்லை.