உங்களை இஸ்திரிக்காரி ஆக்கிய நாள்

அன்புள்ள அக்கா,

அல் குசைஸில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழே புதிதாக ஒரு லாண்டரி திறந்திருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் போதும், சூடான இஸ்திரிப் பெட்டி ஈரத்துணியில் படும் வாசனை படிக்கட்டு வழியாக மேலே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு அது சுத்தத்தின் வாசனை. நானோ ஒரு மாதமாகப் பின்வாசல் வழியாகத்தான் வேலைக்குப் போகிறேன். நீங்கள் பார்த்திருந்தால், "பேயக் கண்டவ மாதிரி ஏன்ட்டி சுத்திப் போற?" என்று கேட்டிருப்பீர்கள். பேய்தான் அக்கா. ஆனால் அது நீங்கள் இல்லை. உங்கள் பெயரில் நான் சொன்ன ஒரு பொய்.

ஷார்ஜா தையல் கம்பெனியில் நீங்கள் டெய்லர், நான் ஆபீஸ் கிளார்க். உங்களுக்குத் தூத்துக்குடிப் பக்கம் கடற்கரை ஊர், எனக்குத் திருநெல்வேலி. அத்தனை பேரில் தமிழ் பேச நாம் இருவர்தான். வெள்ளிக்கிழமைகளில் ரோலா கடைத்தெருவில் நடக்கும்போது, கடை வாசலில் தொங்கும் சட்டைகளின் காலரைப் புரட்டிப் பார்த்து, தைத்தவருக்கு ஜாதகமே சொல்லுவீர்கள். இவன் அவசரக்காரன், இவள் வீட்டு நினைப்பிலேயே தைத்திருக்கிறாள் என்று. கடைக்காரர் முறைப்பார். வாங்கவும் மாட்டீர்கள். உங்களை இழுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடும்.

அப்போதுதான் அந்த நீலச் சட்டை ஆர்டர் வந்தது. எங்கோ ஒரு குளிர் நாட்டு நகரத்தில் பஸ் ஓட்டுகிறவர்களுக்கான சட்டை. கூடவே ஒரு பெட்டி நிறைய லேபிள். கட்டைவிரல் அகலத் துணியில், தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் தைத்தது என்று அவர்கள் மொழியில் நெய்திருந்தது. ஆர்டரை எடுத்தது அந்த நாட்டில் சங்கம் உள்ள ஒரு கம்பெனி. அவர்கள் கமுக்கமாக வேலையை நம் பக்கம் தள்ளிவிட்டிருந்தார்கள். இங்கே ஏது சங்கம்?

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள் கேட்டபோது, எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தங்கள் சட்டையைத் தைக்கிறவர்களுக்கும் கேட்டுப் பேச ஒரு சங்கம் இருக்கவேண்டும் என்று அந்த டிரைவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். பொய்யாக இந்த லேபிளை வைத்துத் தைத்தால் அந்த ஊர்ச் சட்டப்படி குற்றம், கோர்ட்டுக்கு இழுப்பார்கள். நீங்கள் மிஷினை நிறுத்திவிட்டீர்கள்.

"இத்தினிக்காணும் துணிக்குச் சட்டமா?" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "மொகந்தெரியாத மனுசங்க நமக்காவ யோசிச்சிருக்காவ. அவியளப் போயி ஏமாத்துதோமே ட்டி" என்றீர்கள்.

எப்படியோ சந்தேகம் கிளம்பி, அந்த நாட்டிலிருந்து டிரைவர்கள் சார்பில் விசாரிக்க ஒரு பெண்மணி வந்தார். மேனேஜர் முன்கூட்டியே எல்லோருக்கும் பாடம் நடத்திவிட்டார். மிஷினெல்லாம் உள்ளூர்ப் பள்ளி யூனிஃபார்முக்கு, நீலச் சட்டை தைத்தே வருகிறது, நமக்கு இஸ்திரியும் பேக்கிங்கும் மட்டும். ஏழெட்டுப் பேர் இந்தியில் அதை ஒப்பிக்க, மேனேஜரே ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு அந்தப் பெண்மணி உங்களைக் கைகாட்டினார். உங்கள் இந்தி 'ஜல்தி ஜல்தி'யைத் தாண்டாது என்பதால் மேனேஜர் என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். அவருக்கோ தமிழில் ஒரு வார்த்தை தெரியாது.

நீங்கள் அந்தப் பெண்மணியின் முகத்தைப் பார்த்துத்தான் பேசினீர்கள்.

"காலர்லருந்து கடைசிப் பொத்தான் வரைக்கும் நாங்கதான் தச்சோம். சங்கம்னு எங்களுக்கு ஒண்ணுங் கெடயாது. டிரைவர்மாருட்ட இத மறைக்காமச் சொல்லணும், அவ்வளவுதான்."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: இவர் இஸ்திரி மட்டும்தான் போடுகிறார், தைப்பதில்லை.

மேனேஜருக்குப் பயந்தேன் என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். நீங்கள் சொன்னதை அப்படியே சொல்லியிருந்தாலும், முதலில் அவர் முகம் மாறியிருக்குமே தவிர என் வாயை யாரும் பொத்தியிருக்க முடியாது. ஆர்டர் போய்விடும், எல்லோரையும் விமானம் ஏற்றிவிடுவார்கள், அதில் முதல் ஆள் நீங்கள் என்று ஒரே நொடியில் நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். உங்களைக் காப்பாற்றுகிறேன் என்றும் நினைத்தேன். என் விசாவும் அதே கம்பெனியில்தான் இருந்தது. அந்தப் பெண்மணி எழுதிக்கொண்டார். அப்படியே சொன்னியா என்று என்னைக் கேட்டீர்கள். அப்படியே சொன்னேன் என்றேன். நாக்கு கூசவேயில்லை.

உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆர்டரும் போகவில்லை, அடுத்த பெட்டி லேபிள்தான் வந்தது. அதைப் பார்த்து உங்களுக்குச் சந்தேகம் வந்திருந்தால்கூட நான் தப்பித்திருப்பேன். மெஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சங்கமில்லன்னு தெரிஞ்சும் நம்ம சட்டய வேண்டாம்னு சொல்லல பாத்தியா? நல்ல மனுசங்கட்டி" என்றீர்கள். நீங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அதன்பிறகு ஒவ்வொரு நீலச் சட்டையையும், சொந்தக்காரருக்குத் தைப்பதுபோல நிதானமாகத் தைத்தீர்கள். சூப்பர்வைசர் திட்டினாலும் கேட்கவில்லை. வயிற்றுவலி என்று லீவில் ஊருக்குப் போகும்வரை அப்படித்தான். திரும்பி வரவில்லை. அம்மா இறந்துவிட்டதாக உங்கள் மகன் அனுப்பிய குரல் செய்தியை ஆபீஸ் வராந்தாவில் நின்று கேட்டேன்.

சொல்ல எத்தனையோ நாள் இருந்தது. சொன்னால் அந்த நல்ல மனிதர்களை உங்களிடமிருந்து பிடுங்கிவிடுவேன் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறேன். பழைய கம்பெனியில் லேபிள் இன்னும் தைக்கப்படுகிறதாம். போன வாரம் அந்த டிரைவர்களுடைய சங்கத்தின் மின்னஞ்சல் முகவரியைத் தேடியெடுத்து நடந்ததையெல்லாம் எழுதிவிட்டேன். நீங்கள் சொன்ன மூன்று வாக்கியத்தையும், நான் சொன்னதையும்.

பதில் வந்துவிட்டது. மரியாதையான கடிதம். நன்றி தெரிவித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறார்கள். மொழிபெயர்த்தவர் தாமே தவறாகச் சொன்னதாக ஒப்புக்கொள்வதால், அவர் வார்த்தையை மட்டும் வைத்து மேலே போக முடியாது. அந்தத் தையல்காரரிடம் நேரில் பேச முடியுமா?

தையல்காரர் என்றுதான் எழுதியிருக்கிறார்கள் அக்கா. அவர்களுக்கு நான் இன்னும் பதில் எழுதவில்லை.