டிராகன் முன் நின்ற பூங்கொடி

ஜீவனஹள்ளி, பெங்களூரு
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தனக்கோடிக்கு,

நானும் சங்கமித்ராவும் சௌக்கியம். உன் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் ஷோபாவிடம் இந்தக் கடிதத்தோடு ஒரு காமிக்ஸ் புத்தகமும் கொடுத்தனுப்புகிறேன். அட்டையில் இருப்பது நம் மகள் சங்கமித்ராவின் பெயர்தான். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இவ்வளவையும் கோர்வையாகச் சொல்ல எனக்கு வராது.

அவள் வேலை செய்யும் கம்பெனியின் ‘குழப்பக் குடும்பம்’ கார்ட்டூன் உனக்குத் தெரியும். அந்த வீட்டு அம்மா பூங்கொடி எதற்கெடுத்தாலும் பயந்து ஓடுவாள், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். ‘ஏழு கோட்டை’ என்பது வேறொரு கம்பெனியின் விளையாட்டு. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் வீரன், மந்திரவாதி என்று ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு பகடை உருட்டுவார்கள். பிழைப்பதும் சாவதும் விழுகிற எண்ணைப் பொறுத்தது. கார்ட்டூன் குடும்பம் அந்த விளையாட்டுக்குள் மாட்டிக்கொள்வதாக இரண்டு கம்பெனியும் சேர்ந்து ஒரு காமிக்ஸ் போட முடிவு செய்து, படம் வரைய நம் பெண்ணைப் பிடித்தார்கள்.

கடைசிப் பக்கத்தில்தான் தகராறு. டிராகன் வந்ததும் பூங்கொடி பிள்ளைகளை விட்டுவிட்டு ஓட வேண்டும், அதுதான் ஜோக் என்று கதை எழுதிய க்ளென் வைத்திருந்தார். இவள் வரைய மறுத்துவிட்டாள். வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறோம் என்றார்களாம். அப்போதும், “எவ்ளோ வேணா சிரிக்க வைக்கறேன் சார். ஆனா அம்மா புள்ளைங்கள விட்டுட்டு ஓடமாட்டா” என்றாளாம்.

கடைசியில் க்ளென், “ஓகேம்மா, ஆடியே பாத்துடலாம். நீ பூங்கொடி, நான் டிராகன்” என்று பகடையை நீட்டியிருக்கிறார். இவள் உருட்டினாள். ஒன்று விழுந்தது. அதைவிட மோசமான எண் அந்த விளையாட்டில் கிடையாது. விளையாட்டின்படி பூங்கொடியின் வாள் உடைந்தது, கவசமும் போனது. இப்போது ஓடித்தானே ஆக வேண்டும் என்று அவர் கேட்டதற்கு, இவள் பூங்கொடியின் குரலிலேயே, “வாள் போனா போவட்டும். புள்ளைங்க தூங்குதுங்க, கொஞ்சம் மெதுவா கத்து” என்று டிராகனை அதட்டியிருக்கிறாள். எல்லோரும் சிரித்தார்களாம். க்ளென் தான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, இதையே வரை என்று சொல்லிவிட்டார். இதெல்லாம் அவளோடு வேலை செய்யும் லாவண்யா சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவள் வாயே திறக்கவில்லை.

போன சனிக்கிழமை அல்சூரில் ஒரு ஹாலில் வெளியீடு. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. பூங்கொடிக்கு யார் மாடல் என்று ஒருவர் கேட்டார். இவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எங்கம்மா. மஸ்கட்ல ஒரு வீட்ல வேலை செய்றாங்க. அவங்க அங்க இருக்கறதாலதான் நான் இங்க வரையறேன்” என்றாள். நான் பின்னால் நின்றிருந்தேன். பக்கத்திலிருந்தவரிடம், “என் பொண்ணு” என்றேன். அவர் கேட்காமலே, “அந்தம்மா என் சம்சாரம்” என்றும் சொன்னேன்.

அவள் எட்டாவது படிக்கும்போது நீ கிளம்பினாய். அன்றிலிருந்து அவள் போனில் இரண்டு வார்த்தைக்கு மேல் உன்னோடு பேசியதில்லை. விட்டுவிட்டுப் போனதற்கு இன்னும் கோபமாக இருக்கிறாளா என்று நீ கேட்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன். இனி மாற்ற மாட்டேன். நீயே அவளிடம் கேள்.

மாத்திரையை விடாமல் சாப்பிடு. இந்த வருஷ லீவையாவது சேர்த்துவைக்காமல் எடுத்துக்கொண்டு வா. தேதியை மட்டும் சொல், ஏர்போர்ட்டுக்கு அவளையே அனுப்புகிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
ஆதிகேசவன்