உன் சீட்டில் நான் குந்திய நாள்

மச்சான்,

போன வாரம் கும்மிடிப்பூண்டியில் என் மகள் நடத்தும் வெல்டிங் ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். மலை, காடு, ஆற்றுப்படுகை என்று சுற்றுகிற உயரமான வண்டி ஒன்று, வேறு பட்டறையில் செய்த வேலையைச் சரிபார்க்க வந்து நின்றது. இரண்டு பக்கமும் கதவுக்குக் கீழே புதிதாய் இரும்புக் குழாய் மாட்டியிருந்தார்கள். ரெட் ஆக்சைடு பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. வண்டிக்காரர் அதற்கு 'ராக் ஸ்லைடர்' என்று பேர் சொன்னார். பாறைமேல் வண்டி இறங்கினால் அடிப்பக்கம் நசுங்காமல் இந்தக் குழாய் தாங்கிக்கொண்டு வழுக்கிப் போகுமாம். எனக்குப் போய் விளக்கினார். நானும் தெரியாதவன் மாதிரி தலையாட்டினேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போயிருப்பாய். பேர் தெரியாமலே நாம் அதைச் செய்து ஐம்பது வருஷம் ஆகப் போகிறது.

எழுபதுகளின் தொடக்கம் அது. எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் காத்துக் கிடக்க, அவற்றின் உடைசலெல்லாம் என் பட்டறைக்கு வரும். நீ பக்கத்து மலையில் கல்குவாரி ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தாய். ஆட்களையும் உளி சம்மட்டியையும் குடிதண்ணீரையும் ஏற்றிக்கொண்டு, ஓடையில் கிடக்கும் பாறைகளின் மேலேயே மலைக்கு ஏறுகிற வேலை. அந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். ஒருநாள் பாறை இடித்து டேங்க் பிளந்தது. ஒழுகுகிற பெட்ரோலுக்கு மேலேயே உட்கார்ந்து மலையிறங்கி வந்ததை ஏதோ சாகசம் போல எங்கள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாய். உன் தங்கைக்கு, அதுதான் என் பெண்டாட்டிக்கு, அது சாகசமாகத் தெரியவில்லை. சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இன்னொருவாட்டி பெட்ரோல் நாத்தத்தோட ஊட்டுக்குள்ள வந்தியானா, அந்த வேலைய உட்டுடணும். என் தலமேல அடிச்சிச் சொல்லு."

சொல்லித் தொலைத்தாய். அந்த ஜீப்பை விட்டுவிட்டு நீ வேறு என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியவில்லை, உனக்கும் தெரியவில்லை. ஒரே வயசுக்காரர்கள் நாம். உன் முகத்தைப் பார்த்ததும் ஜீப்பைக் கொண்டுவா, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். வெல்டிங் ராடு கையில் இருந்தால் எனக்குத் தலைகால் புரியாத காலம்.

டேங்கைக் கழற்றி, பிளவை அடைத்து, வேப்பமரத்தடியில் வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன். தண்ணீர்க் குழாய் ஒன்று பளபளவென்று கிடந்தது. அதை இரண்டாக அறுத்து, ஜீப்பின் பக்கத் தகட்டோடு சேர்த்து நீளத்துக்கும் பற்றவைத்தேன். லாரிக்குக் கால்வைத்து ஏறும் படியை பாடியோடுதானே சேர்க்கிறோம்? நூறு லாரிக்குப் படி வைத்தவன் நான். ஜீப்புக்கு மட்டும் புதுசாக யோசிப்பானேன் என்ற நினைப்பு. கறுப்பு பெயிண்ட் அடித்தபின் பார்க்கவும் அழகாகத்தான் இருந்தது. நீ ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "தாங்குமா மாப்ள?" நான் குழாய்மேல் ஏறி நின்று காட்டினேன்.

பத்து நாள் கழித்து மத்தியான வேளையில் பட்டறை வாசலில் ஜீப் வந்து நின்றது. நீ இறங்கவில்லை. இறங்கச் சொல்லிப் பக்கத்தில் வந்தபோது பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியது. வலது பக்கம் குனிந்து பார்த்தேன். பாறை குழாயை அமுக்கியிருக்கிறது, குழாய் தகட்டை உள்ளே தள்ளியிருக்கிறது, தகடு நேராகப் போய் டேங்கைக் கிழித்திருக்கிறது. அன்றைக்குப் பட்ட இடிக்கு, குழாய் இல்லாதிருந்தால் ஓர் ஒடுக்கோடு போயிருக்கும். டேங்கைக் கிழித்தது நான் பற்றவைத்த குழாய். என் கையால் உன்னைக் கொளுத்தப் பார்த்திருக்கிறேன்.

நீ திட்டவில்லை. கிணற்றடியில் இரண்டு முறை சோப்புப் போட்டுக் குளித்தாய். என் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டாய். என் சட்டை உனக்குத் தொளதொளவென்று இருந்தது. உன் தங்கை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரசம் ஊற்றினாள். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். குழாயைச் சரிசெய்ய எனக்கு அவகாசம் கொடுத்ததாகப் பின்னால் சொன்னாள்.

சாப்பிட்டுத் திரும்பிவந்து, குனிந்து வேலை செய்துகொண்டிருந்த என் பின்னால் நின்று கேட்டாய்.

"குழாய் மேல ஏறி நின்ன, சரி. என் சீட்ல நீ குந்திப் பாத்தியா?"

கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து இரண்டு பேரும் பழைய இரும்புக் குவியலைக் கிளறினோம். எல் வடிவ ஆங்கிள் இரும்பு வேண்டாம் என்று தள்ளினாய். அதன் விளிம்பு பாறையைக் கடித்துக்கொண்டு வண்டியை நிறுத்திவிடும், உருண்டையாக இருந்தால்தான் வழுக்கும் என்றாய். தண்டவாளத் துண்டை நான் எடுத்தேன். அந்தக் கனத்துக்கு ஜீப் மேடு ஏறாது என்று அதையும் தள்ளினாய். கடைசியில், கவிழ்ந்துபோன லாரி ஒன்றின் கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரத்துக்கு ஓடும் நீளக் குழாய் அகப்பட்டது. இரண்டு கல்லின்மேல் படுக்கவைத்து நீ ஏறிக் குதித்தாய். அதற்குமுன் இதே மாதிரி வைத்துப் பார்த்த பழைய தண்ணீர்க் குழாய் முதல் குதியிலேயே வளைந்திருந்தது. இதுவோ உன்னையே தூக்கிப் போட்டது.

இந்தமுறை பாடியைத் தொடவில்லை. வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில் பக்கத்துக்கு மூன்று கால் வைத்து, தகடு வைத்து போல்ட்டால் இறுக்கினேன். குழாய்க்கும் பாடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டேன். குழாய் கொஞ்சம் அசைந்தாலும் தகட்டைத் தொடக் கூடாது. குழாய்க்கு அடியில் ஜாக்கி வைத்து ஒரு பக்கச் சக்கரம் இரண்டையும் தரையைவிட்டுத் தூக்கினேன். விரல் இடைவெளி அப்படியே இருந்தது. இது நிற்கும் என்று அப்போது சொன்னேன். சொன்னதில் துளிகூட வீம்பு இல்லை.

மலையடிவாரத்து ஓடைக்கு நானும் உன்னோடு வந்தேன். டேங்கைக் கிழித்த அதே பாறை. நீ ஜீப்பை நிறுத்தி இறங்கி, என்னை உன் சீட்டில் உட்காரச் சொன்னாய். மறுபடி அடைத்த டேங்க் நிறையப் பெட்ரோல். நீ முன்னால் நடந்து கையால் வழி காட்டினாய். முன்சக்கரம் பாறையைத் தாண்டியதும் வலது பக்கம் மொத்தமும் தடாலென்று இறங்கியது. எனக்கு அடியில் இரும்பும் பாறையும் உரசிய சத்தம் முதுகுத்தண்டு வரைக்கும் ஏறியது. கண்ணை மூடிக்கொண்டேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு முன்னே போய் மணலில் இறங்கியது.

நீ வந்து மண்டி போட்டுக் கீழே எட்டிப் பார்த்தாய். மோந்து பார்த்தாய். குழாயில் கீறல் மட்டும்தான், நீளமாக, வெள்ளையாக. "எறங்கு மாப்ள. இனிமே நான் ஓட்டிக்கிறேன்" என்றாய். அதற்குமேல் ஒரு பாராட்டு கிடையாது. உன்னிடம் அதை எதிர்பார்க்கிற அளவுக்கு நான் முட்டாளும் இல்லை.

அந்தக் குவாரி மூடும் வரைக்கும் நீதான் அந்த ஜீப்பை ஓட்டினாய். பெட்ரோல் வாசனையோடு எங்கள் வீட்டுக்குள் நீ மறுபடி வந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை. உன் மகளுக்கு ஊஞ்சல் செய்தேன், மாடிக்கு இரும்பு ஏணி செய்தேன், கோயில் தேருக்கு அச்சுக்கூடச் செய்துகொடுத்தேன். எல்லாவற்றுக்கும் அதே கேள்வி. ஊஞ்சலில் இந்த உடம்போடு நான் ஆடிக் காட்டியதைத் தெருவே நின்று பார்த்தது. என் வேலையைப் பற்றி ஊரில் ஒரு குறை வந்ததில்லை என்றால், பாதிப் பங்கு உன் வாய்க்குத்தான்.

போன வருஷம் உன் கால் இரண்டும் ஓய்ந்தபோது உன் மகள் சக்கர நாற்காலி வாங்கிவந்தாள். கடைச் சாமான், நான் செய்ததில்லை. உன்னைத் தூக்கி உட்காரவைக்கப் போனோம். நீ கையை நீட்டித் தடுத்துவிட்டு என்னைப் பார்த்தாய். பேச்சு உனக்கு அப்போதே குழறிவிட்டது. பார்வை குழறவில்லை. நான் அதில் உட்கார்ந்து வாசல் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்த் திரும்பிவந்தேன். அப்புறம்தான் நீ உட்கார்ந்தாய். உன் தங்கை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் புது வண்டிக்கு வருகிறேன். குனிந்து பார்த்தேன். கால்களைச் சேசிஸில்தான் கொடுத்திருந்தார்கள், இடைவெளியும் விட்டிருந்தார்கள். மகளிடம் சொல்லிக் குழாய்க்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னேன். கதவைத் திறந்து மூடினேன், எங்கும் இடிக்கவில்லை. பார்த்த வரைக்கும் போதும், நல்ல வேலை என்று வண்டிக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

கதவை மறுபடி திறந்து, தூக்கி நின்ற வண்டியில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். மகள் ஓடிவந்தாள். "இன்னாப்பா, எங்க போற?" என்றாள். எங்கேயும் இல்லை என்றேன்.

நீ போனபின், கேட்க ஆள் இல்லாமல் நான் உட்கார்ந்த முதல் சீட் அது. குந்திப் பார்த்துவிட்டேன், மச்சான்.