ஏழாம் கட்டத்தில் உள்ள ஒருவர்

அனுப்புநர்
ச. சிஃபா,
பத்தாம் வகுப்பு மாணவி,
த/பெ. சஹாபுதீன்,
பழவேற்காடு, பொன்னேரி வட்டம்,
திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்
தனி அலுவலர் அவர்கள்,
ஏரிக்கரை விருந்தினர் இல்லத் திட்டம்,
பொன்னேரி.

பொருள்: எங்கள் விருந்தினர் இல்லத்தைப் பட்டியலிலிருந்து நீக்காமல், வேறு பிரிவுக்கு மாற்றித் தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலர் திரு. கோபால் அவர்களின் 29.01.2009 நாளிட்ட ஆய்வு அறிக்கை.
2. தங்களது 09.02.2009 நாளிட்ட கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வீட்டு உரிமையாளர் என் தாயார் ஷஹனாஸ். பட்டியலில் உள்ள வீட்டு விவரத்தையும், தவறு நேர்ந்த பலகையையும் எழுதியவள் நான் என்பதால், அவர் அறிய நானே இம்மனுவை எழுதுகிறேன். சிறுமி எழுதியது என்று தள்ளிவிட வேண்டாம்.

2. எங்கள் தெருவின் கடைசியில், ஏரியைப் பார்த்தபடி உள்ள அவ்வீடு என் தாயாருக்கும் அவருடைய தங்கை சைதாவுக்கும் பொதுவானது. நாங்கள் அதே தெருவில் வேறு வீட்டில் இருக்கிறோம். அங்கே தனியாக வசித்த சைதா சாச்சி 14.06.2003 அன்று, தைக்கக் கொடுத்த துணியை வாங்கிவரப் பொன்னேரிக்குப் பேருந்து ஏறினார். துணியை வாங்கிச் சென்றதாகத் தையற்காரர் சொன்னார். சாச்சி வீடு திரும்பவில்லை. காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகலை இணைத்துள்ளேன். அதன்பின் ஐந்து ஆண்டுகள் அவ்வீடு பூட்டிக் கிடந்தது.

3. கும்மிடிப்பூண்டி தொழிற்சாலைகளுக்கு ஆள் எடுக்கும் ஒப்பந்ததாரர் ஒருவர், தொழிலாளர் விடுதி கட்ட அவ்விடத்தைக் கேட்டு வருகிறார். பூட்டிய வீட்டைப் பராமரிக்க எங்களுக்கு வசதி இல்லை. இருந்தும் என் தாயார், “வித்துட்டா, நாளைக்கு வந்து நிக்கிறவ எந்தக் கதவத் தட்டுவா?” என்று கேட்டார். ஆகவே வீட்டை நாள் வாடகைக்கு விடுவதென்று முடிவு செய்து தங்கள் திட்டத்தில் பதிந்தோம்.

4. முதல் மூன்று மாதம் ஒருவரும் வரவில்லை. பட்டியலில் எங்கள் வீட்டைப் பற்றி “பழைய வீடு, 2 அறை, கழிவறை உண்டு” என்று மட்டுமே இருந்தது. இதைப் படித்து யார் வருவார்கள் என்று யோசித்து, பொன்னேரி பிரவுசிங் சென்டரில் அமர்ந்து நானே புதிதாக எழுதினேன். பூநாரைகள் எந்த மாதத்தில் வரும், மாடி ஜன்னலிலிருந்து எவ்வளவு தூரத்தில் தெரியும், படகு எங்கே கிடைக்கும், காலை நாஷ்டாவுக்கு என்ன தருவோம் என்பதையெல்லாம் சேர்த்தேன். “வீடு முழுவதும் உங்களுக்கே” என்ற வரியைத் தலைப்பாக வைத்தேன். நவம்பர் முதல் ஜனவரி வரை ஒன்பது குடும்பங்கள் வந்தன.

5. வருபவர்களுக்கு எங்கள் ஊர் வழக்கம் தெரியட்டும் என்று வாசலில் ஒரு பலகை எழுதி மாட்டினேன். ஆளில்லாத வீட்டில் நுழையும்போதும் நாங்கள் ஸலாம் சொல்வோம். ஆகவே, “உள்ளே வரும்போது ‘உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும்’ என்று சொல்லி நுழையவும்” என்று தமிழில் எழுதினேன். வந்தவர்கள் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது. குழந்தைகள் உரக்கச் சொல்லிக்கொண்டு நுழைந்தார்கள்.

6. விருந்தினர் கருத்துப் புத்தகத்திலிருந்து சிலவற்றை அப்படியே தருகிறேன்.

சென்னையிலிருந்து வந்த ஸ்டீபன், ஸ்நேகா தம்பதியர்: “வீட்டில் இருக்கும் அக்கா மிகவும் மரியாதையானவர். தொந்தரவே இல்லை.”

எளாவூரிலிருந்து வந்த விக்டோரியா டீச்சர்: “பதில் ஸலாம் சொன்ன குரல் இனிமை. நேரில் பார்க்க முடியவில்லை. அவருக்கும் ஒரு பங்கு மீன் எடுத்து வைத்தோம்.”

வேலை செய்யும் ஞானம்மாவைத்தான் சொல்கிறார்கள் என்று முதலில் நினைத்தோம். ஆனால் ஞானம்மா நாஷ்டா கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்கே போய்விடுவார். அவர் பேசினால் படகுத்துறை வரை கேட்கும். இனிமையான குரல் என்று எவரும் எழுத மாட்டார்கள். கேட்டபோது அவர், “இன்னா பாப்பா, நானே உன்ன கேக்கணும்னு இருந்தேன். ஆளு தங்காத நாள்லயும் பெருக்கிட்டு, மேல் ஜன்னல சாத்திக்கினுதான் போறேன். காலைல வந்தா தொறந்து கீது. நான் தொறக்கல, நீ தொறக்கல, அப்ப யாரு உங்க மாமியாரா?” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுச் சாவிகள் இரண்டுதான். ஒன்று ஞானம்மாவிடம், மற்றது எங்கள் வீட்டு ஆணியில்.

7. ஒன்பதாவதாக வந்த குடும்பத்தார், “முழு வீடு என்று சொல்லிவிட்டு ஒரு பெண்ணைக் குடிவைத்திருக்கிறார்கள்” என்று தங்களிடம் புகார் அளித்தார்கள். அதன்பேரில் திரு. கோபால் அவர்கள் 29.01.2009 அன்று பகல் பதினொரு மணிக்கு ஆய்வுக்கு வந்தார். வாசலில் என் பலகையைப் படித்து, “யாரும் இல்லாத ஊட்டுக்கு வணக்கமா? நல்லாகீது பாய் உங்க கதை” என்று என் தந்தையாரிடம் சிரித்துவிட்டு, பலகையில் உள்ளதை உரக்கச் சொல்லிக்கொண்டே தனியாக உள்ளே போனார். நானும் தந்தையாரும் வாசலில் நின்றோம். கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தார். சிரிப்பு இல்லை. தேநீர் வேண்டாம் என்றார். படிவத்தின் ஏழாம் கட்டத்தில் “குடியிருப்போர்: 1 (பெண்)” என்று எழுதியிருந்தார்.

என் தந்தையார், “இன்னா சார், உள்ள யாரும் இல்லியே?” என்று கேட்டார். அதற்கு அவர், “உள்ள கீறவங்கள கேட்டுத்தான் பாய் எழுதினேன்” என்றார். நாங்கள் உடனே உள்ளே போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தோம். கூடத்தில் ஒரு நாற்காலி மற்றொன்றைப் பார்த்தபடி இழுத்துப் போடப்பட்டிருந்தது. வேறு எதுவும் இல்லை.

8. அன்று மாலை என் தாயார் முதன்முறையாகப் பலகையை நிதானமாகப் படித்தார். என்னைக் கூப்பிட்டு, “ஆளில்லாத ஊட்ல ‘எங்கள் மீதும் நல்லடியார்கள் மீதும்’னு தான்டி சொல்லணும். நீ இன்னா ‘உங்கள் மீது’ன்னு எழுதி வெச்சிக்கிற? அது எதிர்ல நிக்கிற ஆளுக்குச் சொல்றது. கேட்டவங்க பதில் சொல்லியே ஆவணும்” என்றார். வகுப்பில் தமிழில் முதல் மதிப்பெண் வாங்குபவள் நான். ஒரு சொல்லைத் தவறாக எழுதி, ஒன்பது குடும்பங்களைக் கொண்டு ஒருவரை அழைக்கச் செய்துவிட்டேன். அன்றே பலகையைத் திருத்தினேன்.

9. அடுத்து வந்த குடும்பம், திருத்திய பலகையைப் படித்து நுழைந்தது. அவர்கள் கருத்துப் புத்தகத்தில், “வசதிகள் நன்று. ஆனால் வீடு வெறிச்சென்று இருந்தது, பிள்ளைகள் உள்ளே போகவே மாட்டேன் என்றார்கள்” என்று எழுதிவிட்டு ஒரு நாள் முன்னதாகவே கிளம்பினார்கள். மாடி ஜன்னல் சாத்தியபடியே இருப்பதாக ஞானம்மா சொன்னார். அதைக் கேட்ட என் தாயார், “இத்தினி நாள் பதில் சொல்லிக்கினு இருந்தவ வாய அடைச்சிட்டியேடி” என்றார். அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. பழைய வாசகத்தையே மறுபடி எழுதி மாட்டிவிட்டேன். மறுநாள் ஜன்னல் திறந்திருந்தது.

10. இந்நிலையில் தங்கள் கடிதம் வந்தது. “இவ்வீட்டில் எவரும் குடியிருக்கவில்லை என உறுதி கூறுகிறேன்” என்ற வாசகத்தில் உரிமையாளர் 28.02.2009க்குள் கையொப்பமிட வேண்டும், தவறினால் வீடு பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்று அதில் உள்ளது. பட்டியலில் இல்லையேல் விருந்தினர் இல்லை. விருந்தினர் இல்லையேல் ஒப்பந்ததாரருக்கு வீட்டைக் கொடுப்பதைத் தவிர எங்களுக்கு வழி இல்லை. என் தாயார் மூன்று முறை பேனாவை எடுத்து மூன்று முறையும் கீழே வைத்துவிட்டார். தங்கையைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்த அதே கையால், அவள் இல்லை என்றும் எழுதிக் கொடுக்க அவரால் முடியவில்லை.

11. ஆகவே ஐயா, கீழ்க்கண்டவற்றைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டுகிறேன்.

(அ) எங்கள் வீட்டை “முழு வீடு” பிரிவிலிருந்து “வீட்டாருடன் தங்கும் இல்லம்” என்ற பிரிவுக்கு மாற்றித் தர வேண்டும். “வீடு முழுவதும் உங்களுக்கே” என்ற என் வரியை நீக்கிவிடுகிறேன். அது உண்மையல்ல.

(ஆ) ஏழாம் கட்டத்தில் உள்ள “1” என்பதை அடிக்க வேண்டாம். ஐந்து ஆண்டுகளில் சாச்சியைப் பற்றி அரசுத் தாளில் எழுதப்பட்ட ஒரே எண் அது.

(இ) திரு. கோபால் அவர்கள் உள்ளே யாரிடம் கேட்டார், அந்தப் பெண் என்ன சொன்னார், என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். தையற்காரரிடம் வாங்கிய துணியின் நிறம் எங்களுக்குத் தெரியும். வேண்டுமென்றே அதை இம்மனுவில் குறிப்பிடவில்லை.

12. பிரிவு மாற்றத்திற்கான விண்ணப்பத்தில், வீட்டில் தங்கியிருப்பவரின் கையொப்பமும் தேவை என்று உள்ளது. மற்ற இடங்களைப் பூர்த்தி செய்து, அந்த இடத்தை மட்டும் விட்டு, விண்ணப்பத்தை ஒரு பேனாவுடன் அவ்வீட்டுக் கூடத்து மேசைமேல் வைத்திருக்கிறோம். நாங்கள் போய்ப் பார்க்கவில்லை. என் தாயார் பார்க்க விடவில்லை. தங்கள் அலுவலர் ஒரு பகல் வேளையில் நேரில் வந்து, பலகையில் உள்ளதைச் சொல்லி நுழைந்து, அதைப் பெற்றுச் செல்லுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ச. சிஃபா

இடம்: பழவேற்காடு
நாள்: 18.02.2009

இணைப்பு: காவல் நிலைய மனு நகல் – 1, கருத்துப் புத்தகப் பக்கங்களின் நகல் – 4.