பாவு பிடித்தவர்

வியாழன் இரவு. ஆனி பிறந்த வாரம்.

வண்டி வேகத்தை அளக்கும் புது ஸ்பீடு கன்னோடு இன்று என்னை நெசவாளர் தெருவில் டிராஃபிக் டியூட்டிக்கு நிறுத்தினார்கள். மெயின் ரோட்டைத் தோண்டிப் போட்டதிலிருந்து கார்களெல்லாம் அந்த வழியாகத்தான் பறக்கின்றன. காலையில் தெரு நீளத்துக்குப் பட்டு இழைகளை இழுத்துப் பாவு போட்டிருந்தார்கள். என் பக்கத்து முனையை ஓர் அம்மா கோலோடு பிடித்து நின்றார்.

அவர் முதுகுப் பக்கமிருந்து ஒரு கார் பறந்து வந்தது. நம்பர் பிளேட்டில் சிவப்புப் புள்ளியை வைத்து விசையை அழுத்தினேன். 71. விசில் வாயிலேயே இருந்தது. ஊதத் தோன்றவில்லை. 58, 33, 12 என்று எண் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தார். கோலை விடவில்லை. ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

டிரைவருக்கு வேர்த்துக் கொட்டியது. "நூலு கண்ணுக்கே தெரியல மேடம். வண்டியப் பாத்தும் அவங்க நகரல. அதான் பிரேக்க மிதிச்சேன்."

"ஏம்மா, விட்டுட்டு ஓட வேண்டியதுதானே?" என்று கத்தினேன்.

"அந்த முனையில எங்க ஓரகத்தி புடிச்சிக்கினு இருக்குதும்மா. அது விடல. நான் எப்படி விடுவேன்? எல்லாம் சிக்காயிடும்."

டிரைவருக்கு அபராதச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். அந்தக் கார் மட்டும் நிற்காமல்...

கார் போன பிறகு, யாரும் பார்க்காத நேரத்தில், அந்த அம்மாவின் முதுகில் புள்ளியை வைத்து அழுத்தினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. அசையாமல் நிற்பதை இந்த மெஷின் கணக்கில் எடுக்காது என்று பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள்.