மூலை மேசைத் தட்டு

எங்க வீட்டு மகாராணிக்கு,

உன் முதுகுவலி எப்படி இருக்கு? சின்னவ அடம்பிடிக்காம சாப்பிடுறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிர் விட்டாச்சு. கடற்கரைச் சாப்பாட்டுக் கடையைத் திறந்து, உள்ளே புகுந்திருந்த மணலை எல்லாம் வாரிக் கொட்டினோம். எங்க மீன் வறுவலுக்கு ஊரே அடிச்சுக்குது.

ஒரு வேடிக்கை கேளு. மூலை மேசையில யாரும் தொடாத மீன் தட்டு ஒண்ணு இருந்தது. மிச்சம்னு நினைச்சுக் கொட்டிக் கழுவிட்டேன். முதலாளியம்மா ஓடி வந்து, "ஐயோ, அவர் இன்னும் சாப்பிடலையே!"ன்னாங்க. குளிர்காலத்துல கடலுக்குப் போன அவங்க புருஷன் திரும்பவே இல்லையாம். தினமும் முதல் தட்டு அவருக்குத்தானாம்.

மறுநாள் நானே வெச்சேன். திரும்பி வந்து பார்த்தா மீன் இல்லை. பறவை தின்னிருக்கும்னு சமையல்காரர் சிரிச்சார். ஆனா முள்ளெல்லாம் தட்டோரமா ஒழுங்கா ஒதுக்கி இருந்தது. நீ பயப்படாதே, நானும் பயப்படல.

இங்க வர்ற ஆள் யார்கிட்டயாவது தைலமும் என் பழைய போர்வையும் கொடுத்தனுப்பு. முதலாளியம்மா கூப்பிடுறாங்க, போகணும்.

இன்னொண்ணு. தினமும் எனக்கும் ஒரு தட்டு போட்டு வைக்கிறியாமே, பெரியவ போன்ல சொன்னா. வேணாம்டி. அதைக் கழுவிக் கவிழ்த்து வை. நான் உயிரோடதான் இருக்கேன்.