நூற்றில் மூன்று பேர்

மார்ச் 4, செவ்வாய்

அம்மாவின் கழுத்துக் கட்டி மூச்சுக்குழாயை அழுத்தத் தொடங்கிவிட்டதாம். ஆபரேஷன் செய்வதுதான் நல்லது என்கிறார் டாக்டர். நூற்றில் மூன்று பேருக்குக் குரல் போய்விடுமாம். படித்தவள் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வேற ஏதாவது கேக்கணுமாம்மா?" நிறைய இருந்தது. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தேன்.

வெளியே பெஞ்சில் அம்மா. "என்னடி சொன்னாரு?"

"நூத்துல தொண்ணூத்தேழு பேர் நல்லாயிடறாங்களாம்மா."

பொய் இல்லை. பிறகு ஏன் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை?

மார்ச் 6

மூன்று என்று சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். தொண்ணூற்றேழு என்றதும் ஆபரேஷனுக்குத் தேதி கேட்கிறாள். இரண்டும் ஒரே கணக்குதானே.

மார்ச் 9, ஞாயிறு

சந்தையில் அம்மாவின் காய்கறிக் கடைக்குப் போனேன். "தக்காளி! காலைல பறிச்ச தக்காளி!" - அம்மா குரல் கொடுத்தால் நாலு கடை தள்ளி நிற்பவர்களும் வருகிறார்கள். பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார்: "உங்கம்மா இருக்கறப்ப நான் வாயத் தொறக்கறதே வேஸ்ட்டும்மா."

மூன்று சின்ன எண் என்று முடிவு செய்தது யார்?

மார்ச் 10

அந்த மூன்று பேரைப் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"இத ஏன்டி அன்னிக்கே சொல்லல?"

"மூணு பேர்தானேம்மா..."

"உனக்கு மூணுதான். நாள் முழுக்க நீ பேசறதே மூணு வார்த்தை. எனக்குக் குரல்தான்டி கடையே."

மார்ச் 11

என்னோடு பேசவில்லை.

மார்ச் 13

அம்மா நேராக டாக்டரிடம் போய் உட்கார்ந்தாள். "அப்படியே விட்டா என்னாகும்?"

"மூச்சுத் திணறும். எப்பன்னு சொல்ல முடியாது."

"நீங்க பண்ணதுல எத்தன பேருக்குக் குரல் போச்சு?"

"நாலு பேருக்கு."

"சரி. பண்ணிடுங்க."

எனக்குள்ளும் இருந்த கேள்விகள்தான். நான் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மார்ச் 24

கட்டியை எடுத்தாகிவிட்டது. புற்று இல்லை. நன்றாக மூச்சு விடுகிறாள். குரல் - வெறும் காற்றுதான் வருகிறது.

ஜூன் 17

மறு பரிசோதனை. இன்னும் காற்றுதான். சந்தையில் எடைக்கல்லால் தராசுத் தட்டைத் தட்டி ஆட்களைக் கூப்பிடுகிறாள். வியாபாரம் பாதிதான்.

ஆஸ்பத்திரி வரிசையில், கழுத்தில் கட்டியோடு ஓர் அக்கா அம்மாவின் தழும்பைப் பார்த்துக் கேட்டார்: "பண்ணிக்கலாமாக்கா? பயமில்லையே?"

அம்மா என் தோளை இழுத்துக் காதில் ஏதோ சொன்னாள். அந்த அக்காவுக்குக் கேட்கவில்லை. நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்:

"முதல்ல, நீங்க என்ன வேலை பாக்கறீங்கன்னு அம்மா கேக்கறாங்க."